வை நதிக்கரையிலே

கோட்டை ஒன்றைப் பார்க்க ஆசைப்படுகிறவர் மோட்டாரில் ஏறி அதன் வாசலிலேயே போய் இறங்கி, சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே நுழைந்து, கொத்தளத்தின் மேல் நின்று நான்கு திசைகளையும் ஒரு முறை பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவாரானால், அவர் அதன் மதிலையும் அகழியையும் கண்டவராவாரே தவிர, அந்தக் கோட்டை வேறோரிடத்தில் இல்லாமல் அந்த இடத்தில் எழுந்ததற்குரிய காரணத்தைக் கண்டவராக மாட்டார். முப்பது வருஷ காலம் கல்லூரியில் சரித்திரம் போதித்த எனக்கு இது புலப்பட்டது, உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 2022-ஆம் வருஷத்து மே மாதத்தில், தன் கடைசிப் பகுதியில் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் எல்லையாக ஓடுகிற வை நதியின் பள்ளத்தாக்கில், மலைச் சைக்கிளில் மூன்று நாள் பிரயாணம் செய்தபோதுதான்.

என் தமக்கையின் மகன் பிரிஸ்டல் நகரத்தில் எஞ்சினீயராக இருக்கிறான். வார விடுமுறை தோறும் சைக்கிளை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போய்விடுகிறவன். என்னை அழைத்துப் போக வேண்டுமென்பது அவனுடைய வெகுநாளைய ஆவல். அவனிடம் இரண்டு சைக்கிள்கள் இருந்தன. அவற்றுள் பழையதை, எஃகுக் குழாய்களால் ஆனதை, எனக்கென்று ஒதுக்கி வைத்திருந்தான்.

"அலுமினியத்தைவிட இது கொஞ்சம் கனம்தான், மாமா. ஆனா கல்லுமேல போறப்ப எஃகு லேசா வளைஞ்சு குடுக்கும். உங்க கைக்கும் தோளுக்கும் அதுதான் நல்லது" என்றான்.

சிறு வயதில் வாடகைச் சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுப் பழகி, பிறகு நாற்பது வருஷம் கல்லூரிக்கும் கடைவீதிக்கும் அதே வாகனத்தில் போய்வந்தவனாகிய எனக்கு, சைக்கிள் என்பது ஆசனத்தில் அமர்ந்து செலுத்துகிற ஒரு பொருளாகவே இருந்தது. மலைச் சைக்கிளோ, பள்ளத்தில் இறங்கும்போது ஆசனத்தைத் தாழ்த்திவிட்டு, இரு பெடல்களையும் ஒரே மட்டத்தில் நிறுத்தி, அவற்றின்மீது எழுந்து நின்று, முழங்காலும் முழங்கையும் மடங்கி நிமிர்ந்து தரையின் மேடுபள்ளங்களை வாங்கிக்கொள்ளும்படியாகச் செலுத்த வேண்டியது. ஏற்றத்தில் உடம்பை முன்னுக்குச் சாய்த்து ஆசனத்தின் நுனிக்கு வந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் முன்சக்கரம் தரையை விட்டுக் கிளம்பிவிடும். எல்லாவற்றையும்விட முக்கியமாக அவன் எனக்கு உபதேசித்தது ஒன்று: "முன்சக்கரத்தைப் பார்க்காதீங்க, மாமா. போக வேண்டிய இடத்தைப் பாருங்க. சக்கரம் தானா அங்க போகும்." இரண்டு நாள் ஒரு பூங்காவில் பழகிய பிறகு, மூன்றாம் நாள் காலையில் குட்ரிச் என்னும் கிராமத்தில் எங்கள் சைக்கிள்களை இறக்கினோம்.

குட்ரிச் கோட்டை செந்நிறமான மணற்கல் பாறையின்மீது அதே கல்லினால் கட்டப்பட்டது. அகழியைப் பாறையில் வெட்டி, வெட்டி எடுத்த கல்லைக் கொண்டே மதிலை எழுப்பியிருக்கிறார்களாதலால், பாறை எங்கே முடிந்தது, மனிதனுடைய வேலை எங்கே ஆரம்பித்தது என்று கீழே நின்று பார்ப்பவரால் சட்டென்று சொல்ல முடிவதில்லை. நடுவிலே பன்னிரண்டாம் நூற்றாண்டின் சதுரக் கோபுரம் ஒன்று மட்டும் சாம்பல் நிறத்துக் கல்லில், தன்னைச் சூழ்ந்த சிவப்பினின்றும் விலகி, நெடிது நிற்கிறது. உள்ளே முற்றத்தில் ஒரு பருத்த இரும்புப் பாண்டம் போன்ற பீரங்கி வைக்கப்பட்டிருந்தது. 1646-ஆம் வருஷத்தில், மன்னர் சார்லஸுக்கும் பார்லிமெண்டுக்கும் நடந்த உள்நாட்டு யுத்தத்தில், மன்னர் கட்சியார் வசமிருந்த இந்தக் கோட்டையைப் பார்லிமெண்டுப் படைத் தலைவரான கர்னல் ஜான் பர்ச் முற்றுகையிட்டபோது, சாதாரணப் பீரங்கிகளால் ஆகாததைக் கண்டு, உள்ளூர் உலையிலேயே வார்க்கச் செய்த ஆயுதம் இது. கர்ஜிக்கும் மெக் என்று அதற்குப் பெயரிட்டார்கள். சுமார் 90 கிலோ எடையுள்ள குண்டுகளை உயரத் தூக்கி மதிலுக்கு உள்ளே போடவல்லது. கோட்டை சரணடைந்தது, பிறகு யாரும் அதைத் திரும்பவும் அரணாக உபயோகிக்க முடியாதபடி இடித்தும் விட்டார்கள். அந்த இரும்பின்மீது நான் கையை வைத்துப் பார்த்தேன். காலை வெயிலிலும் அது குளிர்ந்திருந்தது. இந்தப் பிரதேசத்து உலை ஒன்றே இந்தப் பிரதேசத்துக் கோட்டையை அழித்த செய்தி என் மனத்தில் ஒரு முள்ளைப் போலத் தைத்துக்கொண்டு, மூன்று நாளும் கூடவே வந்தது.

கோட்டையிலிருந்து நதிக்கு இறங்கும் பாதையில் பெடலை ஒரு சுற்றுக்கூடச் சுற்றவில்லை. சில நிமிஷங்களில் கரையில் இருந்தோம். திரும்பிப் பார்த்தபோது அந்தச் செந்நிறக் கல்மலை வானத்தில் நின்றது. நதியைக் கடக்கும் துறைக்கு இறங்கி வர எங்களுக்கு ஆன நேரம் அவ்வளவுதான். அதே துறையில் கரையேறி, கவசமும் ஆயுதமும் சுமந்து, மேலேயிருந்து எய்கிறவர்களை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே அந்தச் சரிவில் ஏற வேண்டியவனுக்கு எவ்வளவு நேரமாயிருக்கும் என்பதை, சாதாரணப் பிரயாணியாகிய நானே அடுத்த நாட்களில் ஒவ்வொரு ஏற்றத்திலும் எண்ணிப் பார்த்தேன்.

சைமண்ட்ஸ் யாட் என்னுமிடத்தில் வை நதி ஒரு குன்றைச் சுற்றிக்கொண்டு வெகுதூரம் போய், மறுபடியும் புறப்பட்ட இடத்தின் சமீபத்துக்கே வந்து சேருகிறது. எதிரேயுள்ள செங்குத்தான பாறைகளில் வல்லூறுகள் கூடு கட்டுகின்றன. அங்கே ஆற்றின் குறுக்கே கட்டியிருக்கும் கயிற்றைக் கையால் பற்றி இழுத்து ஓடத்தைச் செலுத்தும் வழக்கம் இன்றும் இருக்கிறது. எங்கள் சைக்கிள்களை ஓடத்தில் சாய்த்து வைத்துக்கொண்டு, ஓடக்காரர் பேசாமல் கயிற்றை மாற்றி மாற்றிப் பிடிப்பதைப் பார்த்தபடி அக்கரை சேர்ந்தோம். அங்கிருந்து மன்மத் ஊர் வரையில், 1959-இல் மூடப்பட்ட ஒரு ரயில் பாதையின் தடத்தையே சைக்கிள் பாதையாக்கியிருக்கிறார்கள். ரயில் தடமாதலால் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ஒரு பக்கம் நதி. மறு பக்கம் பீச், ஓக், யூ மரங்கள் அடர்ந்த சரிவு. காட்டுப் பூண்டின் வெண்பூக்கள் தரை முழுவதையும் மூடியிருக்க, எங்கள் டயர்கள் ஓரத்து இலைகளை நசுக்கும் போதெல்லாம், தாளிக்கிற வாசனை அந்தச் சோலையில் எழுந்தது.

அந்த இன்பத்தின் நடுவே ஒரு துயரமும் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நதிக்கு நான் செய்யும் துரோகமாகும். பிப்லின்ஸ் என்னும் தொங்குபாலத்தின் அருகில் நின்று தண்ணீரைப் பார்த்தபோது, அது பாசிபடிந்த கிணற்றுநீரின் பச்சையாக இருந்தது. மருமகன் பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் குனிந்து பார்த்தான். "நான் இங்க வந்த புதுசுல, மே ஜூன்ல இந்த எடம் முழுக்க வெள்ளைப் பூவா மெதக்கும், மாமா. தண்ணிக்குள்ளயே வேர் விட்டுப் பூக்கிற கொடி. அதுக்குள்ளதான் மீன் குஞ்செல்லாம் ஒளிஞ்சிருக்கும்" என்றான். நதியின் மேற்பகுதியிலே கோழிப் பண்ணைகள் பெருகி, அவற்றின் எருவிலுள்ள பாஸ்பேட் மண்ணில் தேங்கி, மழையோடு நதியில் கலந்து, பாசியை வளர்த்து, அந்தப் பாசி நீர்ச்செடிகளுக்கு வெளிச்சம் கிட்டாதபடி மறைத்துவிடுகிறது. கழிவுநீரும் உடன் சேருகிறது. செடி போனால் மீனும் போகிறது. சால்மன் மீனுக்குப் பெயர்போன இந்நதியில் அதன் தொகை மிகவும் குறைந்துவிட்டது. மறு வருஷமே, இங்கிலாந்து அரசாங்கத்தின் இயற்கைப் பாதுகாப்பு ஸ்தாபனம், வை நதியின் நிலை சீர்கெட்டு வருவதென்று அறிவித்துத் தரத்தை இறக்கியது. அழகுக்கென்று சட்டம் போட்டுக் காக்கப்படுகிற பள்ளத்தாக்கு இது. 1971 முதல் அந்தப் பாதுகாப்பு இருந்துவருகிறது. கரையின் அழகைக் காக்க ஏற்பட்ட சட்டத்தால் தண்ணீரைக் காக்க முடியவில்லையே என்று அன்று நான் பட்ட வேதனை இன்னும் தீரவில்லை.

மன்மத்தில் மன்னோ என்னும் சிற்றாற்றுப் பாலத்தின்மேல் காவற்கோபுரம் ஒன்று நிற்கிறது. பாலத்தின்மீதே கோபுரவாசல் அமைந்தவற்றுள் பிரிட்டனில் எஞ்சியிருப்பது இது ஒன்றே. அதைக் கடந்து, ரொட்டியும் தேநீரும் முடித்துக்கொண்டு, பிற்பகலில் பிக்ஸ்வியர் பாலத்தை அடைந்தோம். சமுத்திரத்தின் ஏற்றவற்றம் வை நதியில் ஏறிவருவது அந்த இடம் வரையில்தான். அங்கிருந்து, இருநூறு மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில், பள்ளத்தாக்கின் விளிம்பில் செயின்ட் பிரெவல்ஸ் கோட்டை இருக்கிறது. எங்கள் இராத்தங்கல் அங்கே.

சாதாரண நடைபாதைகளில் சைக்கிள் செல்லும் உரிமை இங்கிலாந்தில் கிடையாது. குதிரைகள் செல்லும் பாதைகளில், 1968-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி, நடப்பவர்களுக்கும் குதிரைகளுக்கும் வழி விட்டுச் செல்லலாம். அப்படிப்பட்ட ஒரு காட்டுவழியில் நாங்கள் ஏறத் தொடங்கினோம். மிகச் சிறிய கியரில் கால்கள் விரைவாகச் சுற்றினாலும் சைக்கிள் ஒரு முதியவரின் நடையில்தான் நகர்ந்தது. கால் மணி நேரத்தில் என் மூச்சு எனக்கே கேட்கலாயிற்று. இனி இறங்கித் தள்ளுவதைத் தவிர வேறு வழியில்லை என்று நான் தீர்மானித்த க்ஷணத்தில், செங்குத்தான அந்தச் சரிவிலே, கட்டில் போட்டாற்போல வட்டமான ஒரு சமதளம் தென்பட்டது. அதன்மேல் ஏறி நின்று காலை ஊன்றினேன். எதிர்பாராத அந்த உபகாரத்துக்காக யாருக்கு நன்றி சொல்வதென்று தெரியவில்லை. இன்னும் சிறிது தூரத்தில் அதைப் போலவே மற்றொன்று. அதற்கும் மேலே இன்னொன்று.

மருமகன் தன் பூட்ஸின் குதிகாலால் இலைச்சருகை விலக்கிக் கீழே சுரண்டினான். செம்மண்ணை எதிர்பார்த்த இடத்தில் கன்னங்கரிய மண் வந்தது. விரலால் தேய்த்தால் மை போல ஒட்டிக்கொண்டது.

"கரிமூட்டம் போட்ட எடம், மாமா. இந்தச் சரிவு முழுக்க இப்படித்தான் இருக்கும்."

நான் அந்தக் கரிக்களத்திலே உட்கார்ந்துவிட்டேன். சுற்றிலுமிருந்த மரங்களை அப்போதுதான் உற்றுப் பார்த்தேன். பலவற்றுக்கு ஒற்றை அடிமரம் இல்லை; ஒரே வேரிலிருந்து ஐந்தாறு தண்டுகள் கிளம்பியிருந்தன. தரையோடு வெட்டிவிட்டு மறுபடியும் துளிர்க்க விடுவது, பதினைந்து இருபது வருஷத்தில் அவை கைப்பிடிக்கும் அளவு பருத்ததும் மீண்டும் வெட்டுவது என்று, ஒரே மரத்தை நூற்றாண்டுக்கணக்கில் கொல்லாமல் அறுவடை செய்திருக்கிறார்கள். வெட்டிய கட்டைகளை இப்படிப்பட்ட சமதளங்களில் குவித்து, மேலே புல்லும் மண்ணும் மூடி, உள்ளே நெருப்பிட்டு, எங்கும் வெடிப்பு விட்டுக் காற்றுப் புகுந்து அத்தனையும் சாம்பலாகிவிடாதபடி பல நாள் இரவும் பகலும் விழித்திருந்து காத்தால்தான் கரி கிடைக்கும். கரியோ எளிதில் நொறுங்குவது. தூரதேசம் கொண்டுபோனால் பாதி தூளாகிவிடும். ஆகையினால் காடு எங்கேயோ அங்கேதான் உலை. உலையைச் சுற்றி இரும்பு. இரும்பைக் காக்க ஒரு கோட்டை. மேலே, மரங்களின் இடையே, ஒரு மதிலின் மூலை தெரிந்தது. யாரோ ஒருவன் கரி எரிப்பதற்காகச் சரிவை வெட்டிச் சமப்படுத்திய இடத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு நான் அதைப் பார்த்தேன்.

செயின்ட் பிரெவல்ஸ் கோட்டை, பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், டீன் வனத்தை ராஜாங்கத்தின் பெயரால் நிர்வகிப்பதற்காக ஏற்பட்டது. ஜான் மன்னர் வேட்டைக்கு வந்து தங்கியிருக்கிறார். 1292-இல், முதலாம் எட்வர்ட் காலத்தில், இரு பக்கமும் உருண்ட கோபுரங்களோடு எழுப்பத் தொடங்கிய வாசல்தான் இன்று முக்கியமாக எஞ்சியிருப்பது. 1948 முதல் அது இளைஞர் விடுதியாக இருந்துவருகிறது. வயது எதுவானாலும் இடம் கொடுக்கிறார்கள். ஒரு காலத்தில் இதன் கொல்லுலைகளில் ராஜாவின் சைனியத்துக்காக வில்பொறிகளில் பூட்டும் குறுகிய கனத்த அம்புகளை ஆயிரக்கணக்கில் அடித்துக் கொடுத்தார்களாம்; பிறகு கடனாளிகளை அடைக்கும் சிறையாயிற்று. அந்த அறையின் சுவரில் கைதிகள் கீறிய எழுத்துக்களை இன்னும் காணலாம். கோபுரத்துக்குள் இரண்டடுக்குக் கட்டிலில், நாலு அடி கனமிருக்கும் சுவரின் பக்கத்தில் படுத்துக்கொண்டு, தொடைகள் இரண்டும் உள்ளுக்குள்ளேயே துடித்துக்கொண்டிருக்க, நான் வெகுநேரம் தூங்கவில்லை. கீழே நின்றிருந்த எங்கள் சைக்கிள்களின் ஞாபகம் வந்தது. அவையும் இரும்புதானே என்று ஒரு நினைவு எழுந்தது. அதை முடிவுவரையில் தொடர்வதற்குள் உறங்கிவிட்டேன் போலும்.

மறுநாள் முழுவதும் டீன் வனம். இந்த வனத்தை ஒரு நாளில் எழுதிவிட முடியாது. என் மனத்தில் மிகுந்து நிற்பவற்றை மட்டும் சொல்கிறேன். செயின்ட் பிரெவல்ஸ் நூறு என்றழைக்கப்படும் எல்லைக்குள் பிறந்து, 21 வயது நிரம்பி, அங்குள்ள சுரங்கத்தில் ஒரு வருஷமும் ஒரு நாளும் வேலை செய்தவன் எவனோ அவன் சுதந்திரச் சுரங்கக்காரன். தனக்கென்று நிலக்கரியோ இரும்போ தோண்டிக்கொள்ளும் உரிமை அவனுக்குண்டு. இடைக்காலத்து யுத்தங்களில் கோட்டை மதில்களுக்கு அடியில் சுரங்கம் தோண்டிக் கொடுத்த சேவைக்குச் சன்மானமாகக் கிடைத்த உரிமை என்பது ஐதிகம். 1838-இல் சட்டமாகவே ஆனது, இன்றும் ரத்தாகவில்லை. ரோமர் காலத்துக்கும் முன்பிருந்தே இரும்புக் கனியம் தோண்டிய குழிகள், இப்போது பாசியும் வேரும் மூடிய விசித்திரப் பள்ளங்களாக, பாதையோரமெல்லாம் கிடக்கின்றன. சில இடங்களில் ஏர் உழுததுபோலப் புல்தரை புரண்டு கிடந்தது. பயிரிட்டிருக்கிறார்களா என்று கேட்டேன்.

"காட்டுப்பன்றி, மாமா. ராத்திரி கெளறிட்டுப் போயிருக்கு" என்றான்.

கானப் என்னும் பள்ளத்தாக்கில் மலைச் சைக்கிளுக்கென்றே அமைத்த பாதைகள் இருக்கின்றன. நிறத்தினால் கடினத்தைக் குறிக்கிறார்கள்: பச்சை எளிது, நீலம் நடுத்தரம், சிவப்பு கடினம், கறுப்பு வல்லவர்களுக்கு. நீலப் பாதையிலே, இரு பக்கமும் சாய்த்துக் கட்டிய வளைவுகளில், பிரேக்கைத் தொடாமல் உடம்பை மட்டும் சாய்த்து ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நழுவிச் செல்லும்போது உண்டாகும் ஆனந்தம், நதியில் நீந்துகிறவனுடைய ஆனந்தத்துக்குச் சமானமானது. அதிலே மயங்கித்தான் நான் விழுந்தேன். காலை மழையில் நனைந்த ஒரு வேர், பாதைக்குக் குறுக்கே நேராக இல்லாமல் சாய்வாகக் கிடந்தது. அதைக் கண்டதும் பயந்து முன்பிரேக்கைப் பிடித்தேன். சக்கரம் வேரின்மேல் எண்ணெயில் வைத்தாற்போல வழுக்கிற்று. முழங்கையும் இடுப்பும் தரையில் மோதின. மருமகன் ஓடிவந்து, ஒன்றும் பேசாமல், முதலில் என் விரல்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்க்கச் சொன்னான். பிறகு காயத்தைக் கழுவிக் கட்டினான்.

"வேர் மேல ஏறுறதுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சிடணும், மாமா. ஏறினப்புறம் பிரேக்கையே நெனைக்கக்கூடாது. இன்னிக்கு இது போதுமா, திரும்பிடலாமா?"

"இந்த மரத்தடியில கொஞ்சம் உட்கார்ந்துட்டுப் போவோம், மாப்பிள்ளை" என்றேன்.

அது ஒரு ஓக் மரம். வளைவில்லாமல் நெடுநெடுவென்று உயர்ந்தது. அதைப் போன்றவை வரிசையாக நின்றன. 1802-இல் கடற்படைத் தலைவர் நெல்சன் இந்த வனத்தைப் பார்வையிட்டு, யுத்தக் கப்பல்களுக்கு வேண்டிய ஓக் மரம் இங்கே அழிந்துவருவதைக் கண்டு கவலைகொண்டு எழுதினார். 1808-இல் சட்டம் இயற்றி, 11,000 ஏக்கர் வரையில் வேலியிட்டு ஓக் நடுவதற்கு ஏற்பாடாயிற்று. கப்பலுக்கு ஆகிற ஓக் முதிர்வதற்கு நூறு வருஷத்துக்கு மேல் வேண்டும். அவை முதிர்வதற்குள் கப்பல்கள் இரும்பாகிவிட்டன. நட்டவர் எவரும் அந்த மரங்களின் நிழலைக் கண்டவரல்லர். எதற்காக நட்டார்களோ அந்தக் காரியமும் நடக்கவில்லை. ஆனால் முழங்கையில் கட்டோடு அந்தப் பிற்பகல் நான் சாய்ந்திருந்தது அந்த மரங்களில் ஒன்றின்மேல்தான். நிழலில் நீலமணிப் பூக்கள், கண்ணுக்கெட்டிய தூரம், புகை படிந்தாற்போல நின்றன.

மாலையில் மெதுவாகப் பழைய ரயில் தடம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு டார்க் ஹில் என்னுமிடத்துக்கு வந்தோம். செடி முளைத்த சுவர்களும் உலைமேடைகளும் அடுக்கடுக்காகக் கிடக்கிற அந்தப் பாழிடத்தை, மருமகன் கோவிலுக்கு அழைத்துப் போகிறவனைப் போல எனக்குக் காட்டினான். இது மஷெட் குடும்பத்தாரின் இரும்புச்சாலை. 1811-இல் பக்கத்து ஊரான கோல்ஃபோர்டில் பிறந்த ராபர்ட் மஷெட் இந்த வனத்திலேயே தம் பரீட்சைகளைச் செய்தவர். 1856-இல் ஹென்ரி பெஸ்ஸிமர், உருகிய இரும்பினுள்ளே காற்றைச் செலுத்தி எஃகு ஆக்கும் முறையை உலகத்துக்கு அறிவித்தார். ஆனால் அப்படி ஆக்கிய எஃகு சுத்தியலின் கீழே வெடித்து நொறுங்கிற்று. உள்ளே தங்கிவிட்ட பிராணவாயு அதற்கு ஒரு காரணம். மாங்கனீஸ் கலந்த இரும்பைத் தக்க அளவில் சேர்த்தால் அந்தக் கேடு நீங்கும் என்று கண்டுபிடித்தவர் மஷெட். அவருடைய பேட்டண்ட் உரிமை, கட்டணம் கட்டத் தவறியதனால் காலாவதியாகிப் போயிற்று. உலகம் முழுவதும் அந்த முறையில் எஃகு உருக்கிற்று. அவரோ வறுமையில் இருந்தார். 1866-இல் அவருடைய மகள் மேரி, பதினாறு வயதுப் பெண், தனியாக லண்டனுக்குப் போய்ப் பெஸ்ஸிமரைக் கண்டு, தன் தந்தையின் கண்டுபிடிப்பினாலேயே அவர் செல்வம் சேர்த்திருக்கிறார் என்று எடுத்துரைத்தாள். அதற்குப் பிறகு பெஸ்ஸிமர் மஷெட்டுக்கு வருஷத்துக்கு 300 பவுன் கொடுத்துவந்தார். சரித்திரத்தில் எத்தனையோ தூதுகளை நான் வகுப்பில் விவரித்திருக்கிறேன். அந்தச் சிறுமியின் தூதை ஒருநாளும் விவரித்ததில்லை என்பது அன்று என்னை உறுத்திற்று.

மருமகன் என் சைக்கிளின் மேற்குழாயை விரல்மடக்கால் தட்டினான். "இதுலயும் மாங்கனீஸ் இருக்கு, மாமா. குரோமியம், மாலிப்டினம், மாங்கனீஸ் எல்லாம் கலந்த எஃகு" என்றான். கோட்டைக் கட்டிலில் நான் பாதியில் விட்டுவிட்ட நினைவு அந்த இடத்தில் முடிவு கண்டது.

மூன்றாம் நாள் காலை, செயின்ட் பிரெவல்ஸிலிருந்து கரிக்களங்கள் வழியாகவே நதிக்கு இறங்கினோம். ஏறும்போது ஒரு மணிக்கு மேல் எடுத்துக்கொண்ட சரிவு, இறங்கும்போது ஒரு சொப்பனத்தைப் போலக் கழிந்தது. வலித்த முழங்கை காரணமாக நான் முன்னிலும் நிதானமாகவே இறங்கினேன். வேர்களுக்கு முன்பே வேகத்தைத் தணித்துக்கொண்டு, பார்வையைத் தூரத்தில் வைத்து, சைக்கிளைத் தன் போக்கில் விட்டேன். ஆற்றோரமாகப் பிராக்வியர் கடந்து டின்டர்ன் மடத்தை அடைந்தபோது பனி விலகிக்கொண்டிருந்தது.

கூரையில்லாத அந்த மடாலயத்தைப் பற்றி எழுதாதவர் இல்லை. 1131-இல் ஸ்தாபிக்கப்பட்டு, 1536-இல் எட்டாம் ஹென்ரியால் கலைக்கப்பட்டது. கூரையின் ஈயத்தை உருக்கி எடுத்துவிட்டபின் சுவர்களும் ஜன்னல்களும் புல்தரையின்மேல் நிற்கின்றன. கவி வேர்ட்ஸ்வொர்த் 1798-இல் வந்தார். ஓவியர் டர்னர் வந்தார். அவர்களுக்கும் முன்னே வந்த வில்லியம் கில்பின் என்ற பாதிரியார், 1782-இல் வெளியிட்ட பிரயாண நூலில், சுவர்களின் உச்சி மிகவும் ஒழுங்காயிருப்பது கண்ணுக்கு உவப்பாயில்லை என்றும், யாராவது சம்மட்டியால் பக்குவமாக இடித்தால் நன்றாயிருக்கும் என்றும் அபிப்பிராயப்பட்டார். அவரே, மடத்திலிருந்து அரை மைல் தூரத்தில் பெரிய இரும்புவேலைகள் நடப்பதையும், அதன் சத்தம் இந்த ஏகாந்தத்தில் கலப்பதையும் குறிப்பிட்டிருக்கிறார். அழகைத் தேடி வந்தவர்கள் அந்தச் சத்தத்தை விலக்கிவிட்டு எழுதிய எழுத்துக்களையே நாம் பெரும்பாலும் படித்துவருகிறோம். மடத்தின் பக்கத்தில் நதியோடு கலக்கும் ஆங்கிடி என்ற ஓடையின் நீர்வேகத்தைக் கொண்டு, 1566 முதல் இங்கே கம்பி இழுத்தார்கள். இரும்புக் கோலைச் சூடாக்கி, ஒன்றைவிட ஒன்று சிறிய துவாரங்களின் வழியே இழுத்து இழுத்து மெல்லியதாக்குவது அந்தத் தொழில். கம்பளி சிக்கெடுக்கும் சீப்புகளுக்கு அந்தக் கம்பி போயிற்று.

கம்பித் தொழிற்சாலைக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் போட்ட ரயில் பாலத்தின்மேல் சைக்கிளை நிறுத்திவிட்டு, என் சக்கரங்களைப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் முப்பத்திரண்டு ஸ்போக்ஸ் கம்பி. இரண்டு மில்லிமீட்டர் கனமுள்ள அந்தக் கம்பிகளும் அதே விதமாக, துவாரத்தின் வழியே இழுக்கப்பட்டவைதாம். மூன்று நாளாக இந்தக் கம்பிகளின்மேல் அல்லவா நான் தொங்கிக்கொண்டு வந்திருக்கிறேன் என்று தோன்றிற்று.

பாலத்தின் அக்கரையில், 1876-இல் திறந்து பிற்பாடு கைவிடப்பட்ட இன்னொரு ரயில் தடம், முந்தின வருஷந்தான் சைக்கிள் பாதையாக்கப்பட்டிருந்தது. அதிலே ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளமான சுரங்கம். உள்ளே குதிரைலாட மூக்குள்ள வௌவால்கள் வசிப்பதனால் குளிர்காலம் முழுவதும் அதை மூடிவிடுகிறார்கள்; மற்றக் காலத்தில் மங்கிய வெளிச்சத்தோடு, பேசாமல் போக வேண்டும். வெளியே மே மாதத்து வெயில். உள்ளே கல்லின் குளிரும், எங்கோ நீர் சொட்டும் ஒலியும், இரண்டு சங்கிலிகளின் ஓசையும். நாங்கள் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

செப்ஸ்டோ கோட்டையை, 1816-இல் கட்டிய இரும்புப் பாலத்தின்மேல் நின்று பார்க்க வேண்டும். நதியிலிருந்து நேர்செங்குத்தாக எழும் சுண்ணாம்புப் பாறையின் தலைமீது, பாறையின் நீளத்துக்கே கோட்டையும் நீண்டிருக்கிறது. நார்மானியர் இங்கிலாந்தில் இறங்கிய மறு வருஷமே, 1067-இல், வில்லியம் ஃபிட்ஸ்ஆஸ்பர்ன் இதை ஆரம்பித்தார். இதன் ஒரு கோபுரத்தில், முதலாம் சார்லஸின் மரண உத்தரவில் கையெழுத்திட்டவர்களுள் ஒருவரான ஹென்ரி மார்ட்டன் பல வருஷங்கள் சிறையிருந்து, 1680-இல் அங்கேயே இறந்தார். ஆனால் என்னைக் கட்டி நிறுத்தியவை கதவுகள். 1190-க்கு முந்தியவை என்று மரத்தின் ஆண்டு வளையங்களைக் கொண்டு நிர்ணயித்திருக்கிறார்கள். 1962 வரையில் வாசலிலேயே தொங்கிக் காற்றையும் மழையையும் தாங்கி நின்று, இப்போது உள்ளே வைக்கப்பட்டிருக்கின்றன. வெளிப்புறம் முழுவதும் இரும்புத் தகடு. உட்புறம் ஓக் சட்டங்களின் பின்னல். காடும் உலையும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு எண்ணூறு வருஷத்துக்கு மேல் நின்ற பொருள் அது. குட்ரிச்சில் முள்ளாகத் தைத்தது அந்தக் கதவின் முன்னால் எனக்கு வலிக்கவில்லை. மருமகன் ஆணிகளின் வரிசையை எண்ணிக்கொண்டிருந்தான். நான் பேசாமல் நின்றேன்.

பிற்பாடு ஆற்றங்கரைக்கு இறங்கி வந்தோம். நீர் வற்றியிருந்தது. அங்கே சமுத்திரத்தின் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் 12 மீட்டருக்கும் மேல் போவதுண்டாதலால், வற்றும்போது நதியின் இடத்தில் ஒரு பெரும் சேற்றுப் பள்ளமே தெரியும். படகுகள் அதில் ஒருக்களித்துக் கிடந்தன. மருமகன் சைக்கிள்களைத் தலைகீழாக நிறுத்தி, ஒரு குச்சியால் டயர்ப் பற்களினிடையே உறைந்திருந்த மண்ணை நெம்பி எடுத்தான். மேலே வெளுத்து உலர்ந்திருந்தாலும் உட்புறம் கறுப்பாயிருந்தது. பிறகு சக்கரத்தை மெல்லச் சுழற்றி, கம்பிகளை ஒவ்வொன்றாக வீணைக்காரன் தந்தியைச் சுண்டுவதுபோலச் சுண்டிக் கேட்டான். எல்லாம் ஒரே சுருதியில் ஒலிக்க, ஒன்று மட்டும் தளர்ந்து ஒலித்தது.

"நேத்து நீங்க விழுந்ததுல தளர்ந்திருக்கும், மாமா. கொஞ்சம் பிடிச்சுக்குங்க."

நான் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டேன். அவன் சிறிய சாவியைப் போட்டுக் கால் சுற்றுச் சுற்றிச் சுண்டுவதும், மறுபடி கால் சுற்றுச் சுற்றிச் சுண்டுவதுமாக இருந்தான். அது மற்றவற்றோடு இசைந்து ஒலித்தபோது நான் நிமிர்ந்து பார்த்தேன். கீழே படகுகள் நிமிரத் தொடங்கியிருந்தன. நதி பிக்ஸ்வியரை நோக்கி மேலே ஓடிக்கொண்டிருந்தது.